வீட்டை விட்டு வெளியேறினால் எங்கே போவது? ஒன்ராறியோவில் வன்முறையிலிருந்து மீளும் பெண்களுக்கும் குடும்பங்களுக்குமான இலாப நோக்கற்ற வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கார்பரோவில் ஒரு சமூக நிலையத்தில் வீட்டு விண்ணப்பங்கள் நிரப்ப உதவுவது என் வேலை. வருமான வரிப் பேப்பர், ஓய்வூதியக் கடிதம், வாடகை உயர்வு நோட்டீஸ் என்று பகல் முழுக்க ஆட்கள் வந்து போவார்கள். சில பெண்கள் மட்டும் கடைசி ஆள் போகும்வரை கதிரையில் இருந்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறப்பார்கள். அவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இவை ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை. மற்ற மாகாணங்களில் விதிகள் வேறு.

இதை வாசிக்கும்போதே உயிருக்குப் பயமாக இருந்தால் 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

இலாப நோக்கற்ற வீடு என்றால் அரசாங்க வீடா?

எல்லாம் அரசாங்க வீடு இல்லை. சமூக வீடு என்று சொல்வதும் இவற்றைத்தான். நகராட்சிக்குச் சொந்தமானவை ஒரு வகை. ரொறன்ரோ கம்யூனிட்டி ஹவுசிங் அதில் வரும். கனடாவிலேயே பெரிய சமூக வீட்டு நிறுவனம் அதுதான். தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் கட்டி நடத்துபவை இன்னொரு வகை. மூன்றாவது கூட்டுறவு வீடுகள். அங்கே வீட்டு முதலாளி என்று யாரும் இல்லை. குடியிருப்பவர்களே அங்கத்தவர்கள், அவர்களே கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள். ரொறன்ரோவில் தமிழ்க் கூட்டுறவு இல்லங்கள் என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது.

பெண்களுக்கென்றே கட்டியவையும் உண்டு. ரொறன்ரோ நகர மையத்தில் எல்ம் தெருவில் வைடபிள்யூசிஏ என்ற பெண்கள் தொண்டு அமைப்பு நடத்தும் தொடர்மாடியில் 300 வீடுகள். குறைந்த வருமானமுள்ள பெண்களும், பெண் தலைமை தாங்கும் குடும்பங்களும் அங்கே இருக்கிறார்கள். அதில் 50 வீடுகள் பூர்வகுடிப் பெண்களின் குடும்பங்களுக்கு. அது சில மாதம் தங்கிப் போகும் ஷெல்ட்டர் இல்லை, வாடகை ஒப்பந்தம் போட்டுக் குடியிருக்கும் வீடு. நம்மவர்கள் இரண்டையும் அடிக்கடி போட்டுக் குழப்புவார்கள். "ஷெல்ட்டரில் போய்க் கிடக்கச் சொல்றீங்களோ?" என்று கோபித்த ஒரு அக்காவுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லி விளங்கவைக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

வாடகை எவ்வளவு வரும்? என்னிடம் பெரிய வருமானம் இல்லை.

உங்கள் வருமானத்தைப் பார்த்துத்தான் வாடகை. ஆர்ஜிஐ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வரி தாக்கல் செய்த குடும்ப நிகர வருமானத்தில் ஏறத்தாழ 30 வீதம். வருடத்துக்கு 24,000 டொலர் என்றால் மாதம் 2,000. அதில் 30 வீதம் 600 டொலர். பிள்ளைக் காசு, அதாவது பிள்ளைகளுக்காக அரசு மாதாமாதம் தரும் உதவி, இந்தக் கணக்கில் சேராது. வெல்ஃபெயர் எடுப்பவர்களுக்குத் தனி அட்டவணை இருக்கிறது, அது இன்னும் குறைவு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வரி தாக்கல் செய்திருக்க வேண்டும். வருமானம் பூச்சியம் என்றாலும் செய்ய வேண்டும். "இவர்தான் எல்லாம் பார்க்கிறவர், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லும் பெண்களுக்கு நான் முதலில் செய்துகொடுப்பது அதைத்தான்.

சமூக வீட்டுக்குப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே?

சாதாரண வரிசையில் உண்மைதான். ரொறன்ரோவில் மட்டும் 80,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் காத்திருக்கின்றன. ஒரு படுக்கையறை வீட்டுக்குப் பத்து வருடம் தாண்டும்.

ஆனால் வன்முறையிலிருந்து வெளியேறுபவர்களுக்கு அந்த வரிசை இல்லை. 2011ஆம் ஆண்டு வீட்டுச் சேவைகள் சட்டத்தின் கீழ் சிறப்பு முன்னுரிமை என்று ஒன்று இருக்கிறது. அலுவலகங்களில் ஸ்பெஷல் பிரையோரிட்டி என்பார்கள். மாகாணம் முழுவதும் எந்த நகரத்திலும் இவர்களைத்தான் வரிசையின் முன்னால் வைக்க வேண்டும். 2018 முதல் ஆட்கடத்தலில் இருந்து தப்பியவர்களும் இதில் சேர்ந்தார்கள்.

அடுத்த கிழமையே திறப்பு கையில் வந்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். முன்னுரிமையோடும் மாதக்கணக்கில் ஆகும், சில இடங்களில் வருடத்துக்கும் மேல். பத்து வருடத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதனால்தான் நான் ஒவ்வொருவரிடமும் சொல்வது: முடிவெடுக்க எவ்வளவு காலமும் எடுத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பத்தை மட்டும் இன்றைக்கே போடுங்கள்.

அவர் கை நீட்டியதில்லை. காசுதான் தரமாட்டார், வெளியே விடமாட்டார். இது வன்முறையா?

ஆம். சட்ட விதியில் அடிப்பதோடு மிரட்டலும் இருக்கிறது, பொருட்களை உடைப்பதும் இருக்கிறது, பாலியல் வற்புறுத்தலும் இருக்கிறது. இவற்றோடு, உங்கள் அன்றாட வாழ்க்கையையும் காசையும் அளவுக்கு மீறித் தன் பிடிக்குள் வைத்திருப்பதும் அதே பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது.

இதை விளக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தங்கச்சி ஞாபகம் வரும். வங்கி அட்டை கணவரிடம். சம்பளம் போகும் கணக்கு அவர் பெயரில். பஸ்ஸுக்கு ஒவ்வொரு காலையிலும் எண்ணிக் கொடுப்பார், போகவும் வரவும் மட்டும். என்னிடம் வந்த நாளில் திரும்பிப் போகக் காசில்லாமல், ஃபின்ச் வீதியில் இருந்து எல்ஸ்மியர் வீதி வரைக்கும் பனிக்குள் நடந்து போயிருக்கிறாள். அவள் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, அடிச்சாத்தானே கணக்கு?"

பொலிஸுக்குப் போகாமல் முன்னுரிமை கேட்க முடியுமா?

முடியும். வழக்குப் போட்டால்தான் தருவோம் என்று சொல்லவே கூடாது என விதியில் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவர் "பொலிஸ் ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டால் அது அவருடைய அறியாமை. எங்களிடம் வந்த ஒரு பெண்ணை ஒரு கட்டட அலுவலகத்தில் அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள், நான்கு மாதம் வீணாகப் போனது. யாராவது அப்படிச் சொன்னால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அவர்களுக்கு வேண்டியது, உங்கள் நிலைமையை அறிந்த ஒரு தொழில்முறை ஆளின் உறுதிப்படுத்தல். குடும்ப வைத்தியர், தாதி, சட்டத்தரணி, சமூகப் பணியாளர், ஷெல்ட்டர் பணியாளர், குடியேற்றச் சேவைப் பணியாளர், பிள்ளையின் ஆசிரியர் என்று பட்டியல் நீளமானது. சட்டப்படி திருமணம் நடத்திவைக்க அனுமதி பெற்ற மதகுருவும் அதில் இருக்கிறார். பலருக்கு இது தெரியாது. வைத்தியர் மாமியாரின் சொந்தக்காரர் என்று பயந்தால் ஆசிரியரிடம் போகலாம். ஆசிரியருக்குச் சொல்லக் கூச்சமென்றால் எங்களைப் போன்ற நிலையங்களுக்கு வரலாம்.

இன்னும் அவரோடு அதே வீட்டில்தான் இருக்கிறேன். வெளியேறிய பிறகுதானே விண்ணப்பிக்க வேண்டும்?

இதைத்தான் ஆகப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதே வீட்டில் இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம். இனி நிரந்தரமாகப் பிரிந்து வாழும் எண்ணம் உங்களுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே வெளியேறிவிட்டீர்கள் என்றால் காலக்கெடு இருக்கிறது: பிரிந்து மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். தாண்டிவிட்டால் காரணத்தை எழுதி நீடிப்புக் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அலுவலகத்தின் கையில். தங்கச்சி வீட்டு பேஸ்மென்ட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு "இப்பதான் ஒருத்தர் சொன்னவ" என்று வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் கஷ்டப்படும். தங்கச்சி வீட்டில் இருப்பதில் ஒரு பிழையும் இல்லை. இருந்துகொண்டே படிவத்தைப் போட்டிருக்கலாம்.

கடிதம் வீட்டுக்கு வந்துவிடுமோ என்று பயப்படுவீர்கள். விண்ணப்பத்தில் பாதுகாப்பான வேறு முகவரியும் தொலைபேசி இலக்கமும் கொடுக்கலாம். எந்த நேரத்தில் அழைக்கலாம், குரல் செய்தி விடலாமா கூடாதா என்பதையும் எழுதுங்கள். நீங்கள் விண்ணப்பித்த விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லக் கூடாது.

என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர்தான். விட்டுப் போனால் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) பறிபோகுமா?

போகாது. உங்கள் திருமணம் உண்மையான திருமணம், பிஆர் கையில் வந்துவிட்டது என்றால் பிரிவதால் அது பறிபோவதில்லை. இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2012 ஒக்டோபரில் இருந்து, ஸ்பொன்சரில் வந்த சில துணைகள் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். சட்டம் போய் இவ்வளவு காலமாகியும் "உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவன்" என்ற வெருட்டல் மட்டும் நம் வீடுகளில் இன்னும் நடமாடுகிறது.

பிஆர் இன்னும் வரவில்லை, விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறது என்றால் நிலைமை வேறு. அவர் ஸ்பொன்சரை மீளப்பெற முடியும். அதனால் முதலில் சட்டத்தரணியைப் பாருங்கள். 2019 ஜூலை முதல், துணையின் வன்முறைக்கு உள்ளானவர்களுக்குக் கட்டணம் இல்லாத தற்காலிக வதிவிட அனுமதி ஒன்று இருக்கிறது. குறைந்தது ஆறு மாதத்துக்குக் கிடைக்கும். அந்த இடைவெளியில் வேலை அனுமதியும் கேட்கலாம், அடுத்த வழியையும் பார்க்கலாம்.

சமூக வீட்டுக்கும் குடிவரவு நிலை பார்ப்பார்கள். குடியுரிமை, பிஆர், நடந்துகொண்டிருக்கும் பிஆர் விண்ணப்பம், அகதிக் கோரிக்கை, இவற்றில் ஒன்று இருக்க வேண்டும்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்று நின்றுவிடாதீர்கள். குடும்ப வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு முதல் இரண்டு மணித்தியால ஆலோசனையை லீகல் எய்ட் என்ற மாகாணச் சட்ட உதவி அமைப்பு இலவசமாகத் தருகிறது. தெற்காசியர்களுக்கான சட்ட உதவி நிலையம் ரொறன்ரோவில் இருக்கிறது. பார்ப்ரா ஷ்லிஃபர் கிளினிக் என்ற சட்ட உதவி நிலையம் 1985இல் இருந்து பெண்களுக்கென்றே இயங்குகிறது. சட்டத்தரணியாகப் பதவியேற்ற அதே இரவில், 1980 ஏப்ரலில் கொலை செய்யப்பட்ட ஒரு இளம்பெண்ணின் பெயர் அது. அந்தக் கட்டடத்தின் வாசலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் கால் நின்றுதான் நகரும்.

வீடு கிடைக்கும்வரை எங்கே இருப்பது? ஷெல்ட்டர் எப்படிப்பட்ட இடம்?

வீடற்றவர்கள் படுக்கும் மண்டபத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். வன்முறையிலிருந்து வரும் பெண்களுக்கான ஷெல்ட்டர் அப்படியில்லை. கனடாவில் இதற்கான முதல் இல்லங்கள் 1973இல் தொடங்கின. ரொறன்ரோவின் இன்டர்வல் ஹவுஸ் அவற்றில் ஒன்று. பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு போலத்தான் இருக்கும். முகவரியை வெளியே சொல்வதில்லை. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு அறை, சமையலறை பொது. காசு கட்டத் தேவையில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம். மரக்கறிச் சாப்பாடு, ஹலால் என்று முதலிலேயே சொன்னால் பார்த்துச் செய்வார்கள். என்னோடு பேசிய ஒரு அம்மா அங்கே முதல் நாள் சோறு காய்ச்சி, பருப்பு வைத்து, பிள்ளைகளுக்குத் தீத்திவிட்டபோது யாரும் பின்னால் வந்து நிற்கவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அங்கே சில மாதம்தான் இருக்கலாம். அடுத்த படி இடைக்கால வீடு: பாதுகாப்புள்ள கட்டடத்தில் சமையலறையோடு தனி வீடு, பக்கத்தில் ஆலோசகர், ஆறு மாதம் முதல் ஒன்றிரண்டு வருடம் வரை. அதிலிருந்து நிரந்தர வீட்டுக்குப் போவதுதான் ஒழுங்கு. ஆனால் நிரந்தர வீடு இல்லாததால் இடைக்கால வீடு காலியாவதில்லை, அது காலியாகாததால் ஷெல்ட்டரில் கட்டில் இல்லை. இன்றைக்கு இடமில்லை என்று ஒரு ஷெல்ட்டர் சொன்னால் அது உங்களுக்கு மறுப்பு என்று எடுக்காமல் அடுத்ததைக் கேளுங்கள்.

எங்கே இடமிருக்கிறது என்று அறிய 1-866-863-0511. இது தாக்கப்பட்ட பெண்களுக்கான மாகாண உதவி இணைப்பு, 24 மணித்தியாலமும் இயங்கும், தமிழில் பேச ஒழுங்கு செய்வார்கள். சமூக சேவைகள் எங்கே என்று சொல்லும் 211ஐ அழைத்தும் கேட்கலாம். கைபேசிக் கட்டணம் அவர் பெயரில் வருகிறதென்றால் அழைத்த இலக்கங்கள் பில்லில் தெரியக்கூடும். பள்ளிக்கூடத்தில், வைத்தியர் அலுவலகத்தில், நூலகத்தில் தொலைபேசி கேட்டு எடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் என் பெயரும் இருக்கிறது. இடையில் விட்டுப் போனால் என்னிடம் காசு கேட்பார்களா?

2016 செப்டம்பர் முதல் இதற்கு வழி இருக்கிறது. என்-15 என்ற படிவத்தோடு உங்கள் கையெழுத்திட்ட வாக்குமூலப் படிவத்தை வீட்டு உரிமையாளரிடம் கொடுத்தால் 28 நாளில் உங்கள் பொறுப்பு முடிகிறது. பொலிஸ் கடிதம் வேண்டாம். அந்த 28 நாளும் அங்கே இருக்கவும் வேண்டாம். வீட்டு உரிமையாளர் இதை இரகசியமாக வைத்திருக்க வேண்டும். உங்கள் துணை அங்கே தொடர்ந்து இருந்தால் அவருடைய ஒப்பந்தம் அவரோடு தொடரும்.

வீடு வாங்கியது அவர் பெயரில். எனக்கு அதில் உரிமையே இல்லையா?

சட்டப்படி திருமணம் செய்தவர்கள் என்றால், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை இருவருக்கும் சமம். பத்திரத்தில் யார் பெயர் என்பது அதை மாற்றாது. நீங்களும் பிள்ளைகளும் அங்கே இருக்க, அவர் வெளியேற வேண்டும் என்றுகூட நீதிமன்றம் உத்தரவிடலாம். திருமணம் பதியாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை என்பவர்கள் இதைத் தனியாகச் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும்.

வீட்டில் உங்கள் பெயர் இருந்தாலும் சமூக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் வீடு கிடைத்த பிறகு குறித்த காலத்துக்குள் உங்கள் பங்கை விற்க வேண்டிவரும். வழக்கு இழுபட்டால் நீடிப்புக் கேளுங்கள்.

எந்தக் கட்டடம் வேண்டும் என்று நான் தெரிவு செய்யலாமா?

செய்ய வேண்டும், கவனமாகவும் செய்ய வேண்டும். முன்பு வீடு இருக்கிறது என்று மூன்று முறை அழைப்பார்கள். இப்போது ஒரே ஒரு அழைப்புத்தான். தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் வரிசையிலிருந்து பெயர் போய்விடும். அதற்குப் பயந்து எல்லாக் கட்டடத்திலும் புள்ளடி போடாதீர்கள். அவருடைய தமையன் குடியிருக்கும் தெருவிலேயே வீடு வந்தால் என்ன செய்வீர்கள்? உண்மையில் போய் இருக்கக்கூடிய இடங்களை மட்டும் குறியுங்கள்.

ரொறன்ரோவோடு நிற்கவும் வேண்டாம். மார்க்கம் யோர்க் பிராந்தியத்தில், ஏஜாக்ஸும் பிக்கரிங்கும் டர்ஹமில், பிரம்டனும் மிசிசாகாவும் பீலில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை, தனி விண்ணப்பம். முன்னுரிமை எல்லா இடத்திலும் உண்டு. தமிழ்க் கடையும் கோயிலும் பக்கத்தில் வேண்டும் என்று எல்லோரும் ஸ்கார்பரோவையே கேட்கிறார்கள், அந்த ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது. சிலருக்குத் தெரிந்த முகங்கள் இல்லாத ஊர்தான் நித்திரை வரும் ஊர்.

மகன் கூப்பிட்ட அம்மா நான். மகன்தான் ஏசுகிறான், ஓய்வூதியக் காசையும் எடுக்கிறான்.

அம்மா, உங்களுக்கும் இந்த முன்னுரிமை உண்டு. கணவன் செய்தால்தான் என்று விதியில் இல்லை. உங்களோடு வாழும் ஆள், அல்லது உங்களை ஸ்பொன்சர் செய்த ஆள் யாராக இருந்தாலும் பொருந்தும். பெற்றோருக்கான ஸ்பொன்சர் பொறுப்பு 20 வருடம் என்பதால் பலர் வாய் திறப்பதில்லை. ஸ்பொன்சர் செய்தவரே துன்புறுத்துகிறார் என்றால் அந்தப் பொறுப்பைக் காட்டி உங்களுக்கு உதவிப்பணத்தை மறுக்க முடியாது. பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்கிப் போவதற்கான சூப்பர் விசாவில் வந்தவர்களுக்குச் சமூக வீட்டுத் தகுதி இல்லை. அவர்கள் முதலில் சட்ட உதவி பெற வேண்டும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கடத்தல் என்பார்களா? கையில் காசுமில்லையே.

நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாத நிலையில், ஆபத்திலிருந்து காக்கப் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போவது குற்றமாகாது. ஆனால் போன கையோடு குடும்பச் சட்டத்தரணியைப் பாருங்கள், தாமதிக்க வேண்டாம். மணவிலக்குச் சட்டத்தில் 2021 மார்ச் முதல், பிள்ளைகள் யாரோடு என்று தீர்மானிக்கும்போது குடும்ப வன்முறையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

காசுக்கு முதல் வழி ஒன்ராறியோ வெர்க்ஸ் என்ற மாகாண வெல்ஃபெயரின் அவசர உதவி. பிரிந்து 90 நாள் ஆனதும் வருமான வரித் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அதன்பிறகு பிள்ளைக் காசு உங்கள் வருமானத்தை மட்டும் வைத்துக் கணக்கிடப்படும், பெரும்பாலும் கூடும்.

ஏன் இவ்வளவு வீட்டுத் தட்டுப்பாடு?

கட்டுவதை நிறுத்தியதால். 1973இல் மத்திய அரசு தேசிய வீட்டுச் சட்டத்தைத் திருத்தி இலாப நோக்கற்ற வீடுகளுக்கும் கூட்டுறவு வீடுகளுக்கும் காசு கொடுக்கத் தொடங்கியது. நாம் இன்று வரிசையில் நின்று கேட்கும் கட்டடங்களில் பல அந்த இருபது வருடத்தில் எழும்பியவை. 1993இல் புதிய வீடுகளுக்கான நிதியை நிறுத்தினார்கள். 1995இல் ஒன்ராறியோவும் நிறுத்தி, திட்டமிட்டிருந்த ஏறத்தாழ 17,000 வீடுகளைக் கைவிட்டது. நம் மக்கள் போருக்குத் தப்பி இங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே வருடங்கள் அவை. 2017இல் தேசிய வீட்டு வியூகம் வந்தது, முதலீட்டில் குறைந்தது கால்பங்கு பெண்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் என்றார்கள். இருபது வருடம் கட்டாமல் விட்ட இடைவெளி அதால் இன்னும் நிரம்பவில்லை. தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நம் ஆட்கள் வீதியைப் பற்றியும் வரியைப் பற்றியும் கேட்கிறார்கள். இதையும் கேளுங்கள்.

என் சிநேகிதி இந்த நிலைமையில் இருக்கிறாள். நான் என்ன செய்வது?

"பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். "உடனே வெளிக்கிடு" என்றும் அவசரப்படுத்தாதீர்கள். வெளியேறும் நேரம்தான் ஆபத்துக் கூடிய நேரம், அந்த நாளை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் முகவரியை அவளுடைய கடிதங்களுக்குக் கொடுங்கள். அவளுடைய கடவுச்சீட்டு, பிஆர் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பத்திரம், வரி மதிப்பீட்டுக் கடிதம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து உங்கள் வீட்டில் வையுங்கள். என்னிடம் வந்த ஒரு தாய், மகளின் புத்தகப் பையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே எல்லாவற்றையும் மடித்து வைத்துக் கொண்டுவந்தார். பேப்பரெல்லாம் குழம்பு வாசம். ஒன்றுவிடாமல் இருந்ததால் அன்று பின்னேரமே அவருடைய படிவத்தை அனுப்பிவிட்டோம்.